கரண்ட் பிரச்சினை: எது விடியும்வரை பொறுக்கும், எது பொறுக்காது?

கொழும்பில் வயரிங் வேலை செய்யும் எங்களுக்கு இரவில் வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: "ட்ரிப் விழுந்திட்டுது, ஏசி இல்லை, உடனே வாங்கோ." ட்ரிப் என்பது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வீட்டுக் கரண்டை நிறுத்தும் சுவிட்ச். அது விழுந்தால் அநேகமாகக் காலைவரை பொறுக்கும். பொறுக்கவே கூடாத பழுதுகளைத்தான் யாரும் சொல்வதில்லை. எல்லாமே வேலை செய்துகொண்டிருந்தால் பழுது என்றே தோன்றாதே.

வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டுக்கு ஃபேன் பூட்டப் போயிருந்தேன். புறப்படும்போது வீட்டு அம்மா, "தம்பி, குளிக்கேக்க பைப்பைப் பிடிச்சா லேசா சுர்ரெண்டுது. செருப்புப் போட்டா ஒண்டுமில்லை" என்றார். சுடுதண்ணி ஹீட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை எர்த் வயர் எங்கும் பூட்டப்படாமல், நுனியில் டேப் சுற்றி மடித்து விடப்பட்டிருந்தது. அந்த வீட்டில் எல்லோரும் அதில்தான் குளித்துக்கொண்டிருந்தார்கள், பேரப்பிள்ளைகள் உட்பட.

எர்த் சரியாக இருந்தால், ஹீட்டருக்குள் கசியும் கரண்ட் அதன் வழியே நிலத்துக்குப் போகும், ட்ரிப் சுவிட்ச் விழும். எர்த் இல்லையென்றால் அந்தக் கரண்ட் யாராவது தொடும்வரை காத்திருக்கும். வீடுகளில் பூட்டும் ட்ரிப் பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழுவது. 1 மில்லி அம்பியரே கைக்கு உறைக்கும். ஆகவே சுர்ரென்று பிடித்தும் ட்ரிப் விழவில்லை என்றால், "சின்னக் கரண்ட்தானே" என்று விடாதீர்கள். உலர்ந்த கையால் ஹீட்டரின் பிரேக்கரை (பெட்டியில் அதற்கென்று இருக்கும் சின்ன சுவிட்சை) இறக்குங்கள். பார்த்துத் திருத்தும்வரை பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். பிரேக்கரை இறக்கிய பிறகும் பைப் பிடித்தால் மெயினையே இறக்கிவிட்டு அன்றிரவே ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. சில பல்புகள் மங்கி, சில பல்புகள் திடீரெனப் பளீரென்று எரிந்தால் உடனே மெயின் சுவிட்சை இறக்குங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் பொது வயர்) அறுந்தால் இப்படித்தான் ஆகும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400க்குக் கிட்டவும் ஏறும். ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் நிமிடங்களில் கருகும், தீயும் பிடிக்கலாம். அறுந்தது வெளி லைனிலும் இருக்கலாம் என்பதால் மின்சார சபையின் 1987க்கு அழையுங்கள். லெக்கோ (லங்கா மின்சாரக் கம்பனி) கரண்ட் கொடுக்கும் பகுதி என்றால் 1910.

பிளக்கோ பிரேக்கர் பெட்டியோ கருகல் மணம் அடித்தால், தொட்டுப் பார்க்கச் சுட்டால், உள்ளே சடசடத்தால் அதுவும் இரவு வேலைதான். மெயினை இறக்கிவிட்டு அழையுங்கள். தீ என்று தெரிந்தால் எங்களையல்ல, 110ஐ. தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மழைக்காலத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கம் இருப்பவர்கள் வெள்ளம் வீட்டுக்குள் வருமுன்பே மெயினை இறக்கிவிடுங்கள். தண்ணீர் ஏறிவிட்டதென்றால் தண்ணீரில் நின்றுகொண்டு பெட்டியைத் தொடாதீர்கள், 1987க்கு (லெக்கோ பகுதி என்றால் 1910க்கு) சொல்லி வெளியிலேயே கரண்டைத் துண்டிக்கச் சொல்லுங்கள். வடிந்த பிறகும், சோதித்துப் பார்க்காமல் மெயினைப் போடக்கூடாது.

சரி, ட்ரிப் விழுந்தால்? மணமும் சூடும் இல்லையென்றால் எல்லா பிரேக்கரையும் இறக்கி, ட்ரிப்பைத் தூக்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அதை இறக்கியபடியே விட்டுவிட்டுப் படுங்கள். எல்லாம் இறங்கியிருந்தும் ட்ரிப் நிற்கவில்லை என்றால், பிளக்குகளையும் கழற்றி ஒரு தடவை பாருங்கள். அப்போதும் விழுந்தால் அதோடு விடுங்கள். திரும்பத் திரும்பத் தூக்குவதும், "காலைவரைக்கும்தானே" என்று யாரையாவது கொண்டு ட்ரிப்பைத் தாண்டி நேரே வயர் கொடுப்பதும் உயிரோடு விளையாட்டு. ஒரு இரவு இருட்டாகக் கிடப்பதால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஒக்சிஜன் மெஷினில் இருக்கும் நோயாளி வீட்டில் இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது நேரம் பார்க்காமல் கூப்பிடுங்கள், அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக 1990 அம்புலன்ஸும் இருக்கிறது.

எங்களுக்கு போன் எடுக்கும்போது "கரண்ட் இல்லை" என்று மட்டும் சொல்லாமல், பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா, விழுந்தது ட்ரிப்பா பிரேக்கரா, அந்த நேரம் என்ன ஓடிக்கொண்டிருந்தது, மணம் ஏதும் வந்ததா என்று சொல்லுங்கள். வரும்வரை எதை இறக்கி வைக்க வேண்டும் என்பதை நாங்கள் போனிலேயே சொல்லிவிடுவோம்.