பென்சில்வேனியா: உள்ளூர் நீதிபதி தேர்தலுக்கு நவம்பர் வரை காத்திருக்காதீர்கள்

வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, 12,000 டாலர் வரையிலான பணத் தகராறு, டிராஃபிக் டிக்கெட் எல்லாம் பிலடெல்பியாவுக்கு வெளியே முதலில் போவது மேஜிஸ்டீரியல் மாவட்ட நீதிபதியிடம்தான். பதவிக்காலம் 6 ஆண்டு. அவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி முடித்துத் தேர்வில் தேறினால் போதும். ஆகவே ஆளைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட வேண்டும்.

நவம்பர் தேர்தலுக்கு முன் மே மாதத்தில், ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்தான் பிரைமரி. இந்தப் பதவிக்கு நிற்பவர் டெமாக்ரட், ரிபப்ளிகன் என இரண்டு கட்சிகளின் பிரைமரியிலும் நிற்கலாம். இரண்டிலும் ஜெயித்தால் மே மாதமே கதை முடிந்தது. நவம்பர் வாக்குச் சீட்டில் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருக்கும். ஆனால் பிரைமரியில் வேட்பாளருக்கு வாக்களிக்க, அந்தக் கட்சியின் பெயரில் பதிந்திருக்க வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் வாக்காளராகப் பதியும்போது ‘கட்சி இல்லை’ என்று தட்டியவருக்கு அந்தச் சீட்டே கிடையாது. பலருக்கு இது வாக்குச்சாவடிக்குப் போன பிறகுதான் தெரியவருகிறது. 2027 பிரைமரி மே 18. பதியவும் கட்சி மாற்றவும் கடைசி நாள் மே 3. இன்றே இணையத்தில் உங்கள் பதிவைப் பாருங்கள்.

குடியுரிமை இல்லாதவர்கள் யார் வாக்காளர் படிவம் நீட்டினாலும் பதியாதீர்கள். தெரியாமல் போட்ட கையெழுத்தும் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் வந்து நிற்கும். கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம். எச்-1பி வேலை விசா, மாணவர் விசாவில் இருப்பவர் தரக்கூடாது. நீதிபதி வேட்பாளர் தானே பணம் கேட்பது விதிமீறல், அவருடைய தேர்தல் கமிட்டிதான் கேட்க வேண்டும். ‘இந்த மாதிரி வழக்கில் இப்படித்தான் தீர்ப்புச் சொல்வேன்’ என்று வாக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள். அதுவும் விதிக்குப் புறம்பு.

பதவியில் இருப்பவரே மறுபடி நிற்கிறாரா? வாடகை வழக்கு நடக்கும் நாளில் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், யாரும் போகலாம். வக்கீல் இல்லாமல் வந்தவரை முழுதாகப் பேச விடுகிறாரா, கையில் கொண்டுவந்த ரசீதை வாங்கிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். துண்டறிக்கையில் இது இருக்காது.

தபால் வாக்குக்குத் தேர்தலுக்கு முந்தைய செவ்வாய் மாலை 5 மணிக்குள் விண்ணப்பம் கவுண்டி (மாவட்ட) தேர்தல் ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும். நாள் நெருங்கினால் தபாலை நம்பாமல் நேரில் போய் வாங்குங்கள். சீட்டை முதலில் உள் உறையில் போடுங்கள். அது இல்லாமல் வந்தால் எண்ண மாட்டார்கள். வெளி உறையில் கையெழுத்தும் அன்றைய தேதியும் எழுதுங்கள். பிறந்த தேதி அல்ல. தேர்தலன்று இரவு 8 மணிக்குள் உறை ஆபீஸில் இருக்க வேண்டும், தபால் முத்திரைத் தேதியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சீட்டு வந்தே சேரவில்லையென்றால் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சாவடிக்குப் போய்த் தற்காலிக வாக்குச் சீட்டு கேளுங்கள்.