நிறத்தைப் பார்த்து ராஸ் வாங்காதீர்கள்

கோவை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் வீடுகளில் மரைன் டேங்க், அதாவது கடல்மீன் தொட்டி, அமைத்துப் பராமரிக்கும் வேலை எனக்கு. அடிக்கடி வரும் புகார், இன்னதென்று தெரியாமல் வாங்கிய ராஸ் (wrasse) என்ற கடல்மீனைப் பற்றித்தான். 500 இனங்களுக்கு மேல் உள்ள குடும்பம் இது. பலவற்றில் குட்டிக்கு ஒரு நிறம், வளர்ந்தால் வேறு நிறம். பெண் ஆணாக மாறும்போது மறுபடியும் மாறும்.

கடையில் சிவப்பு உடம்பும், கருப்பு விளிம்பிட்ட வெள்ளைப் பொட்டுகளுமாக விரல் நீளத்தில் ஒன்று நிற்கும். கோரிஸ் கைமார்ட் என்ற ராஸின் குட்டி அது. அது 40 செ.மீ. வரை வளரும், கல்லைப் புரட்டி நத்தை, இறால், நண்டு எதையும் விட்டுவைக்காது. வெள்ளை உடம்பில் முதுகோரம் இரண்டு ஆரஞ்சுத் திட்டு இருந்தால் கோரிஸ் ஐகுலா. அது ஒரு மீட்டரையே தாண்டும். நாலடித் தொட்டிக்கு இரண்டுமே ஆகாது.

நீலக் கிளீனர் ராஸ் மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்று பிழைப்பது. வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியில் சாகும். அதே நிறத்தில் ஒரு பிளெனி மீனும் உண்டு, துடுப்பைக் கடித்துத் தின்னும். வாய் மூக்கு நுனியில் இல்லாமல் அடியில் இருந்தால் அது போலி. என்னைக் கேட்டால் அசலும் வேண்டாம். சிக்ஸ் லைன் ராஸ் சின்னதுதான், ஆனால் புதிதாக வரும் மீனை விரட்டியே கொல்லும். வாங்கினால் கடைசியாக விடுங்கள்.

முதல் ராஸுக்கு நான் சொல்வது மஞ்சள் ராஸ், ஹாலிகோரஸ் கிரைசஸ். முழு மஞ்சள் உடம்பு, முதுகுத் துடுப்பில் கருப்புப் புள்ளி, 12 செ.மீ.க்குள் நிற்கும். பவளத்தைத் தொடாது, தட்டைப்புழுக்களைப் பொறுக்கித் தின்னும். தூங்குவது மணலுக்குள். அதனால் 5 செ.மீ. ஆழத்துக்காவது நைஸ் மணல் வேண்டும். கரடான பவளச் சில்லு உடம்பைக் கிழிக்கும்.

"மீனைக் காணமுங்ணா, செத்துப்போச்சாட்ட இருக்குது" என்று விட்ட மறுநாளே போன் வரும். தோண்டாதீர்கள். புது இடத்தில் சில நாள் புதைந்தே கிடக்கும், பசித்தால் தானாக வரும்.

ராஸ் எல்லாம் துள்ளும். அதற்காகக் கண்ணாடி மூடி போட்டால், ஈரோடு வெயில் 40 டிகிரி அடிக்கும் சித்திரையில் தொட்டிச் சூடு வெளியேறாது. ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பவரிடம் தொட்டி அளவுக்கு அலுமினிய பிரேம் சொல்லி, கால் அங்குலக் கண் உள்ள நைலான் வலை போட்டுக்கொள்ளுங்கள். ஆவியானதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர்தான், போர் தண்ணீர் கூடாது.

அப்புறம், ரீஃப் (பவளம் வளர்க்கும் தொட்டி) என்றதும் கடலில் உடைத்த கல் பவளத்தை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது அது.

புது மீனை முதலில் தனித் தொட்டியில் வைக்கிறவர்கள், அதில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மணல் வையுங்கள். வெறும் கண்ணாடித் தரையில் புதையப் பார்த்து வாயைப் புண்ணாக்கிக்கொண்டால் அப்புறம் தீனி எடுக்காது.