‘பென்சில் இன்’ என்றால் டிக்கெட் போடாதீர்கள்

வெளிநாட்டு கிளையன்ட்டுடன் திட்டம் பேசும்போது, சுத்தமாகப் புரியாத மரபுத்தொடரால் பெரிய சேதம் வருவதில்லை. ‘கெட் யுவர் டக்ஸ் இன் எ ரோ’ என்று காதில் விழுந்தால், வாத்துக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் ஒரு நொடி விழிப்பார்கள், உடனே தேடிப் பார்த்துவிடுவார்கள். (வேலையைத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து வை, அவ்வளவுதான்.) ஆளைக் கவிழ்ப்பவை, புரிந்த மாதிரியே இருக்கும் தொடர்கள்.

‘பென்சில் இன்’ அப்படிப்பட்டது. 14-ம் தேதிக்கு உங்களைப் பென்சில் செய்திருக்கிறேன் என்றால், டைரியில் அழிக்கக்கூடிய விதத்தில் குறித்திருக்கிறார் என்று பொருள். நம் ஆட்கள் பலர் இதை உறுதி என்று எடுத்துக்கொண்டு பயணத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். கேலண்டர் அழைப்பு அனுப்பி, அவர் அதை ஏற்ற பிறகு கட்டினால் போதும்.

‘ரெயின் செக்’ அமெரிக்க பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது. மழையால் ஆட்டம் நின்றால், இன்னொரு நாள் வந்து பார்க்க உதவும் சீட்டுக்குத்தான் அந்தப் பெயர். அலுவலகப் பேச்சில் அது பெரும்பாலும் ‘இப்போது வேண்டாம்’ என்பதன் மரியாதையான வடிவம். மறுநாளே எந்தத் தேதி என்று கேட்டு மெயில் போட்டால் நச்சரிப்பாகத் தெரியும்.

மிகவும் ஆபத்தானது ‘டேபிள்’. பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஒன்றை டேபிள் செய்வது, விவாதத்துக்கு முன்வைப்பது. நாடாளுமன்றச் செய்திகளில் நாம் படிப்பதும் இந்தப் பொருளில்தான். அமெரிக்காவில் நேர் எதிர்: இப்போது பேச வேண்டாம், ஒதுக்கி வை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் வாதாடினார்கள் என்றும், பிறகுதான் இரு தரப்பும் கேட்டது ஒன்றே என்று தெரிந்தது என்றும் சர்ச்சில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அமெரிக்க டீமுடன் இந்தச் சொல்லையே தொடாமல் இருப்பது நல்லது.

தேதியை நகர்த்தும் சொற்களும் இதே ரகம். புதன்கிழமை மீட்டிங்கை இரண்டு நாள் ‘மூவ் ஃபார்வர்டு’ செய்தாயிற்று என்றால், அது திங்களா, வெள்ளியா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் கேட்ட ஆய்விலேயே பதில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி பிரிந்தது. நம்முடைய ‘ப்ரீபோன்’ (குறித்த நாளுக்கு முன்பே வைப்பது) தெளிவான சொல்தான், ஆனால் அமெரிக்கர்கள் பலருக்குப் பழக்கமில்லை. ‘புஷ் பேக்’ தேதியோடு வந்தால் தள்ளிவைப்பு. திட்டத்தோடு வந்தால் ஆட்சேபம்.

‘எண்ட் ஆஃப் டே’ யாருடைய நாள் என்பதையும் கேட்டுவிடுங்கள். நியூயார்க்கில் மாலை 5 மணி என்பது நமக்கு மறுநாள் அதிகாலை. அவர்களின் குளிர்காலத்தில் 3.30, கோடையில் 2.30.

‘பால்பார்க் ஃபிகர்’ கேட்கும்போது, குத்துமதிப்புதானே என்று வாயில் வந்த ஒற்றை எண்ணைச் சொல்லிவிடுகிறோம். 40 மணி நேரம் என்றால், அடுத்த வாரம் அது பட்ஜெட் தாளில் வாக்குறுதியாக உட்கார்ந்திருக்கும். 40 முதல் 60 என்று வரம்பாகச் சொல்லி, எது தெரிந்தால் அந்த வரம்பு சுருங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

‘பிளே இட் பை இயர்’ என்றால் முன்கூட்டி முடிவெடுக்காமல் அப்போதைக்கப்போது பார்த்துக்கொள்வது. அதை ஏற்பதில் தவறில்லை. ஆனால் எந்த நாளுக்குள் யார் முடிவு சொல்வார் என்பதை அங்கேயே கேட்டு வாங்குங்கள். ‘பேக் பர்னர்’ என்று ஒரு வேலையை ஒதுக்கினால், அதற்காக நிறுத்தி வைத்திருக்கும் ஆட்களை விடுவிக்கலாமா என்பதும் அதே மூச்சில் கேட்க வேண்டிய கேள்வி.

மீட்டிங் முடிந்து அரை மணி நேரத்துக்குள் மூன்று வரி மெயில் அனுப்புங்கள்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதி. தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 4/7 என்பது நமக்கு ஜூலை, அமெரிக்கருக்கு ஏப்ரல். கிழமையையும் நேர மண்டலத்தையும் சேருங்கள். மெயிலில் மரபுத்தொடர் ஒன்றுகூட வேண்டாம். பதில் வராத மெயிலைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்காமல், மறுநாள் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.