களத்தில் காயும் நெல்லை

நம்ம ஊர் களத்தில் எதைக் காயப் போட்டது? (3)

செங்கோட்டை பாசஞ்சரில் எதிர் சீட்டு அண்ணாச்சி கேட்ட குறிப்பு இது. நான் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், அவர் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார், வண்டி டவுன் ஸ்டேஷனைத் தாண்டியதும் பொறுக்க முடியாமல் இதைச் சொன்னார். உளுந்து என்றேன், மிளகாய் என்றேன், இரண்டுமே நாலெழுத்து, அடைப்புக்குறியில் கேட்டதோ மூன்றெழுத்து. “தம்பி, எதைன்னு கேட்டா பதில்லயும் ஐ வரணும்லா?” என்றார். பேட்டை வரும்போது பிடிபட்டது: நெல்லை. நெல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபான ஐ சேர்ந்தால் நெல்லை, நம்ம ஊரும் நெல்லை. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக ஒப்பித்த வேற்றுமை உருபு ஊர்ப் பெயருக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த மாதிரிக் குறிப்பில் ஒரே விடைக்கு இரண்டு வழி இருக்கும். ஒன்று நேரடிப் பொருள். அது குறிப்பின் தொடக்கத்தில் நிற்கும், இல்லையென்றால் கடைசியில் நிற்கும், நடுவில் வராது. மிச்சச் சொற்கள் அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழியைச் சொல்லும். இங்கே ‘நம்ம ஊர்’ நேரடிப் பொருள், ‘களத்தில் எதைக் காயப் போட்டது’ கட்டும் வழி. ஆனால் படிக்கும்போது இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியமாகத்தான் காதில் விழுகிறது. களமும் வெயிலும் கண்ணுக்கு வந்துவிடுகின்றன, ‘ஊர்’ என்பதோடு வாக்கியத்தை வெட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அந்த வெட்டுமிடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் விடை சரியா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, இரண்டு வழியும் ஒரே சொல்லில் வந்து முட்டினால் அதுதான் விடை.

லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் வைர வடிவில் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்துக் கட்டத்தில் நேரடிப் பொருள்தான் கேட்டிருந்தார்கள். சொல்லை உடைத்து விளையாடும் குறிப்புகள் 1920-களில் இங்கிலாந்தில் வளர்ந்தவை.

ஆனால் அந்த விளையாட்டு நமக்குப் புதிதில்லை. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல், எழுத்தை வைத்து விளையாடும் பாட்டுகளான சித்திரகவிகளை வரிசைப்படுத்தும்போது வினாவுத்தரம் என்று ஒன்றைச் சொல்கிறது. சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டு, விடைகளை ஒட்டினால் ஒரு பெயர் வரும். அதற்கான எடுத்துக்காட்டுப் பாட்டில் பூமகள் யார், ஒருவரைப் போகச் சொல்ல என்ன சொல், போரில் பாயும் கணைக்கு என்ன பெயர், அழகுக்கு என்ன பெயர் என்று கேள்வி போகும். திரு, ஏகு, அம்பு, அம். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், திருவேகம்பம், சிவன் கோயில். இன்றைக்கு இதை அப்படியே ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பாகப் போடலாம்! அதே வரிசையில் எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுச்சொல் பார்க்கும் அக்கரச்சுதகமும், ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைக்கும் கரந்துறைச் செய்யுளும் இருக்கின்றன.

தலையெழுத்தை எடுப்பதற்கு இலக்கணத்திலேயே பெயர் உண்டு, முதற்குறை. தாமரை ‘மரை’ ஆவது பாடப்புத்தக உதாரணம். ‘தலை போனாலும் கவிதை முளைக்கும் (2)’ என்றால் விடை விதை. எழுத்தைக் கலைப்பது இன்னொரு வழி: ‘கலைந்த நகரம் பாவிகள் சேருமிடம் (4)’, நரகம். ஒன்றுக்குள் ஒன்றை வைப்பதற்கு, கீழக்கடையம் நெருங்கும்போது அண்ணாச்சி சொன்னது இது: ‘குளத்தில் கழுத்துப்பட்டை கிடக்கும் செல்லம்மாள் ஊர் (4)’. குளத்துக்கு இன்னொரு சொல் கயம், அதற்குள் டை விழுந்தால் கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது புணர்ச்சியை வைத்து ஒட்டுவது. ‘மதுரைக்கு முன்னால் மூன்று வந்தால் நெல்லைச் சீமை ஊர் (5)’. மதுரைக்குக் கூடல் என்று பெயர், மூன்றும் கூடலும் சேரும்போது ‘ன்று’ கெட்டு, மூ குறுகி, க் தோன்றி முக்கூடல் ஆகிறது. ஆங்கிலத்தில் ஒட்டுகிற துண்டுகள் ஒட்டிய பிறகும் அப்படியேதான் இருக்கும். தமிழில் ஒட்டும் இடத்தில் சொல்லே உருமாறும், அதற்கு எல்லாருக்கும் தெரிந்த விதியும் இருப்பதால் இந்த மாற்றத்தை ஏமாற்று என்று சொல்ல முடியாது.

சரி, கட்டத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் 26 எழுத்தில் ஒன்று வரும், தமிழில் 247-இல் ஒன்று. அதனால் குறுக்கே போகும் சொல்லிலிருந்து ஓரெழுத்து கிடைத்தாலே நமக்குப் பெரிய துப்பு. ஆனால் கட்டம் போடுகிறவருக்கு அதுவே திண்டாட்டம். உயிரெழுத்து, அளபெடையை விட்டுவிட்டால், சொல்லின் முதலில் மட்டுமே வரும். மெய்யெழுத்து முதலில் வரவே வராது. க், ச், த், ப் வந்தால் அடுத்தது அதே மெய்யின் வரிசையில் வரும் எழுத்துதான். தகவல் கோட்பாட்டைத் தந்த கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தொட்டிருக்கிறார். எந்த எழுத்தை எப்படி அடுக்கினாலும் சொல்லாகும் மொழியில் எந்தக் கட்டமும் குறுக்கெழுத்தாகிவிடும், கட்டுப்பாடு கூடக் கூடப் பெரிய கட்டம் போட முடியாமல் போகும், ஆங்கிலம் இடையில் எங்கோ நிற்பதால்தான் அங்கே பெரிய கட்டங்கள் சாத்தியமாகின்றன என்று கணக்கு வைத்துச் சொன்னார். தமிழில் எழுத்தும் அதிகம், வரிசை விதியும் கடுமை என்பதால் கறுப்புக் கட்டங்களைத் தாராளமாகப் போட்டுத்தான் சமாளிக்க வேண்டும்.

அண்ணாச்சி இதை டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்தே காட்டினார். முதலில் இடமிருந்து வலமாக அம்பை என்று எழுதினார் (அம்பாசமுத்திரத்தைச் சுருக்கினாலும் அம்பை, வில்லில் பூட்டி எதை விட்டான் என்றாலும் அம்பைதான்). அ இருக்கும் கட்டத்துக்கு மேலே எதுவும் வர முடியாது, அந்தக் கட்டத்தை உடனே கறுப்பாக்கினார், கீழே போகும் சொல் அதே அ-வில்தான் தொடங்கியாக வேண்டும், அருவி என்று எழுதினார். அடுத்தது ம். அதில் எந்தச் சொல்லும் தொடங்காது, மேலிருந்துதான் வந்து சேர வேண்டும். மூன்று கட்டம் மேலே எண்ணி க, டை, ய என்று இறக்கினார். பை மேல் பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தார், பாவூர்சத்திரம் வந்துவிட்டது.