குதிரைத்திறனுக்கு முன்னால் எடையைப் பாருங்கள்

பழைய மீன்பிடிப் படகைப் புதுப்பித்துவிட்டு அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது குதிரைத்திறனைத்தான். நான் எடையிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

30, 40 வருஷத்துக்கு முந்தைய படகுகள் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாருக்கென்று கட்டப்பட்டவை. அதில் கிராங்க் ஷாஃப்ட்டின் (இன்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு) ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருள் எரிந்து விசை தரும். நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். அதே திறன் வேண்டுமென்றால் இன்ஜின் பெரிதாக வேண்டும். வால்வுகள், கேம் ஷாஃப்ட், ஆயில் தொட்டி எல்லாம் கூடவே வரும். பெட்ரோல் மிச்சமாகும், புகை குறையும். ஆனால் படகின் பின்கோடியில் 20, 30 கிலோ கூடிவிடலாம்.

பின்கோடி என்பதுதான் சிக்கல். நடுவில் வைத்த 30 கிலோ படகை லேசாக அமிழ்த்தும். கோடியில் தொங்கும் அதே 30 கிலோ நெம்புகோல் போலப் பின்பக்கத்தை இறக்கி முன்பக்கத்தைத் தூக்கும். தளத்துத் தண்ணீர் வடிகிற துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், அவற்றின் வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறும்.

இதை வாங்குவதற்கு முன்பே சோதித்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மோட்டார் இல்லாமல் படகை மிதக்கவிட்டு, புது மோட்டாரின் எடைக்குச் சமமாகத் தண்ணீர் கேன்களை, மோட்டார் மாட்டும் பின்பலகையை ஒட்டி அடுக்குங்கள். துளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மோட்டார் பலகைக்கு வெளியே தொங்குவதால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

அப்புறம் அந்தப் பின்பலகை. மேலே ஃபைபர் பளபளத்தாலும் பல படகுகளில் உள்ளே இருப்பது ப்ளைவுட். பழைய போல்ட் துளை வழியே நீர் இறங்கியிருக்கலாம். சுத்தியல் பிடியால் தட்டினால் 'டக்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்றால் உளுத்துவிட்டது. மோட்டார் தள்ளும் விசை மொத்தமும் இந்தப் பலகை வழியாகத்தான் படகுக்குப் போகிறது. அதை மாற்றாமல் எதையும் மாட்டாதீர்கள்.

பலகையின் உயரத்துக்கேற்ப 15, 20, 25 அங்குலத் தண்டு நீளங்களில் மோட்டார் வரும். குட்டையானால் புரொப்பல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுழலும்.

சரி, குதிரைத்திறன்? முன்பு அதைக் கிராங்க் ஷாஃப்ட்டில் அளந்தார்கள். 1980களின் நடுவிலிருந்து புரொப்பல்லர் தண்டில் அளக்கிறார்கள். இடையில் கியரில் வீணாவது கழிந்துவிடுவதால், பழைய 40-ஐவிடப் புதிய 40 சற்று வலுவானது. படகில் பொறித்த உச்ச வரம்பை மட்டும் தாண்ட வேண்டாம்.

மாட்டிய பிறகு வழக்கமான சுமையோடு முழு வேகத்தில் ஓட்டி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பாருங்கள். கையேட்டில் சொன்ன எல்லைக்குக் கீழே நின்றால் இன்ஜின் திணறுகிறது என்று அர்த்தம். புரொப்பல்லரின் பிட்ச்சை (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய கணக்குத் தூரம்) ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று ஏறும்.