ஓப்பன் நெட் பென்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

கனடாவோட சால்மன் மீன் செய்தி எதை எடுத்தாலும் "ஓப்பன் நெட் பென்"னு ஒரு வார்த்தை வருது. இந்த பென் எழுதற பேனா இல்ல. பேனாவுக்கு மூலம் லத்தீன்ல இறகைக் குறிக்கிற 'பென்னா', ஆனா இது பழைய இங்கிலீஷ்ல ஆடுமாடு அடைக்கிற இடத்துக்கு இருந்த தனி வார்த்தை, அப்படியே நம்ம பட்டி, ஆட்டுப்பட்டி மாட்டுப்பட்டின்னு சொல்றோமே அதே. நெட்னா வலை. ஆக கடல்ல மிதக்கிற சட்டத்துல பெரிய வலைப்பையை தொங்கவிட்டு அதுக்குள்ள மீன் வளர்க்கிறதுதான் விஷயம். 1970ல நார்வேயோட ஹிட்ரா தீவுல அண்ணன் தம்பி ரெண்டு பேர் இப்படி அட்லாண்டிக் சால்மன் வளர்த்து ஜெயிச்ச பிறகுதான் இந்த தொழிலே பெருசாச்சு.

வம்பு எல்லாம் "ஓப்பன்"ல இருக்கு. மேல மூடி இல்லன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க, பறவை கொத்தாம இருக்க மேல வலை போட்டிருப்பாங்க. வலைக்கண் வழியா கடல் தண்ணி தடையில்லாம போய்ட்டு வரும், அதுதான் ஓப்பன். தண்ணியோட தீவன மிச்சம், மீன் கழிவு, வைரஸ், கடல் பேன் எல்லாம் வெளிய போகும் (பேர்தான் பேன், சாதியில இறால் நண்டுக்கு சொந்தம்). ஆத்துலேர்ந்து கடலுக்கு இறங்கற காட்டு சால்மன் குஞ்சுங்க இந்தப் பண்ணைகளை ஒட்டியே நீந்திப் போகணும், விரல் நீளத்துக்குக்கூட வளராத குஞ்சு மேல ரெண்டு மூணு பேன் ஒட்டினாலே தாங்காது.

2009ல கனடாவோட மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவுல, ஃப்ரேசர் ஆத்துக்கு சாக்கைங்கிற வகை சால்மன் ரொம்ப கம்மியா திரும்பினதுல விசாரணை கமிஷன் போட்டாங்க. 2012ல வந்த அந்த கமிஷனோட கோஹன் அறிக்கை, அதே கரையோரத்துல இருக்கிற டிஸ்கவரி தீவுப் பண்ணைகளால ஆபத்து மிகக் குறைவுன்னு 2020க்குள்ள உறுதியாகலன்னா மூடணும்னு சொல்லிச்சு. 2019ல கனடா ஆளுங்கட்சி "2025க்குள் டிரான்ஸிஷன்"னு, அதாவது இந்த முறையிலேர்ந்து மாறிடுவோம்னு வாக்கு கொடுத்தது, அப்புறம் மீன்வள அமைச்சருக்குப் போன கடிதத்துல அதுவே 2025க்குள்ள மாறுறதுக்கான "திட்டம்"னு படிக்கிற மாதிரி ஆச்சு, இது எனக்கு இன்னிக்கும் வருத்தம்தான். 2023ல டிஸ்கவரி தீவுகள்ல 15 பண்ணைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கல. 2024 ஜூன்லதான், பிரிட்டிஷ் கொலம்பியா கடல்ல 2029 ஜூன் 30க்கு அப்புறம் இந்த முறையே கூடாதுன்னு அறிவிச்சாங்க. பூர்வகுடி மக்கள்ல பலர் இதுக்குத்தான் வருஷக்கணக்கா போராடினாங்க, ஆனா பண்ணைகளோட ஒப்பந்தம் போட்டு பொழைக்கிற பூர்வகுடிகளும் இருக்காங்க, அவங்க வேலை போகும்ங்கிறதையும் லேசா ஒதுக்க முடியாது.

சரி, தமிழ்ல? எனக்கு "வலைப்பட்டி" பிடிக்கும். ஆனா மண்டபம் பக்கம் கடல் விரால் வளர்க்கிறதை ஏற்கனவே கூண்டு மீன் வளர்ப்புன்னுதான் சொல்றாங்க, அதனால "கடல் வலைக்கூண்டு"ன்னு எழுதினா எல்லாருக்கும் புரியும். வெறுமனே "திறந்த கூண்டு" வேண்டாம், மூடி இல்லாத கூண்டுன்னுதான் படிக்கிறவங்க நினைப்பாங்க. இதுக்கு எதிர்ப்பதமா வர்ற "க்ளோஸ்டு கன்டெய்ன்மென்ட்"டுக்கு "அடைப்புத் தொட்டி" சரியா வரும், தரையில இருந்தாலும் கடல்ல மிதந்தாலும் வெளித்தண்ணியோட கலக்காம தடுப்பு இருக்கணும். 'டிரான்ஸிஷன்'னா மாறுதல், 'பேன்' (ban, மேல சொன்ன கடல் பேன் இல்ல)னா தடை. 2019ல சொன்னது மாறுதல், 2024ல சொன்னது தடை, ரெண்டையும் ஒரே வார்த்தையில எழுதிடாதீங்க.