டிகிம் பாஸ், டிமார்க் பாஸ்... அப்புறம் ஏன் ஸ்பாம்?

பண்டிகை ஆஃபர் சீசன் வந்தாலே இதே ஸ்கிரீன்ஷாட்தான் வருகிறது. எஸ்பிஎஃப் பாஸ் (உங்கள் பெயரில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல்), டிகிம் பாஸ் (மெயிலில் உங்கள் டொமைன் போடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் பாஸ் (இந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்ற கட்டளை). கீழே ஒரு வரி: "எல்லாம் பச்சையாத்தான் இருக்கு சார், மெயில் ஏன் ஸ்பாமுக்குப் போகுது?"

போகத்தான் செய்யும். அந்த மூன்றும் ஆதார் அட்டை மாதிரி. அனுப்பியது நீங்கள்தான் என்று சொல்லும். நீங்கள் யோக்கியர் என்று சொல்லாது. நன்னடத்தைச் சான்றிதழ் தருவது மெயிலைப் பெறுகிறவர்கள். விலைக்கு வாங்கிய லிஸ்ட்டுக்கு அனுப்பும்போது டிகிம் கையெழுத்தால் ஆகும் காரியம் ஒன்றுதான்: கெட்ட பெயர் வேறு எங்கும் போகாமல் உங்கள் டொமைன் கணக்கிலேயே ஏறும். அனுப்பும் சர்வரின் ஐபி முகவரியை மாற்றினாலும் அது கூடவே வரும்.

ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்தே கறார். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1க்குக் கீழே இருப்பதுதான் நல்லது. அதாவது இன்பாக்ஸில் விழுந்த ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் ஸ்பாம் பட்டனை அமுக்கினால் போதும், கதை முடிந்தது. போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் (மெயில் அனுப்புகிறவர்களுக்கு கூகுள் தரும் கணக்குப் பலகை) புகார் திடீரென்று பூஜ்யமானால் சந்தோஷப்படாதீர்கள். நேராக ஸ்பாமுக்குப் போன மெயில் அந்தக் கணக்கிலேயே வராது.

எஸ்பிஎஃப்பில் தினமும் பார்க்கும் கூத்து: வெப்சைட் செய்தவர் ஒரு ரெக்கார்டு, மார்க்கெட்டிங் டூல் விற்றவர் இன்னொன்று. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகிவிடும். இரண்டின் இன்க்ளூடுகளையும் (வேறொருவரின் சர்வர் பட்டியலைச் சேர்த்துக்கொள்ளும் பகுதி) ஒரே வரியில் சேருங்கள். அந்த வரியைச் சோதிக்கத் தேவைப்படும் டிஎன்எஸ் லுக்கப் (டொமைன் விவரத் தேடல்) 10ஐத் தாண்டினாலும் அதே பிழைதான். விட்டொழித்த டூல்களின் இன்க்ளூடை நீக்குங்கள். டிமார்க்கை எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்'டில் (தோற்றதை ஏற்காதே) வைக்காதீர்கள். 'நன்' (none, அதாவது எதுவும் செய்யாதே) வைத்து, சில வாரம் ரிப்போர்ட் வாங்கிப் பாருங்கள். உங்கள் பெயரில் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும், நீங்கள் மறந்துபோன பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்று நிச்சயம் தலைகாட்டும்.

லிஸ்ட்டைக் கழுவுங்கள். 5.1.1 (அப்படி ஒரு முகவரியே இல்லை) என்று திரும்பிய முகவரியை அன்றே தூக்குங்கள். கைவிடப்பட்ட முகவரிகளில் சில, கொஞ்ச காலம் கழித்து ஸ்பாம் அனுப்புகிறவரைப் பிடிக்கும் பொறியாக மாறும். பழைய எக்ஸெல் ஷீட்டில் அவையும் கிடக்கலாம். 4இல் தொடங்கும் பிழை தற்காலிகம், சர்வரே மறுபடி முயலும். ஓப்பன் ரேட்டை நம்பி "ஆள் உயிரோடு இருக்கிறார்" என்று முடிவு கட்டாதீர்கள். மெயிலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் ஓப்பன் கணக்காகிறது. 2021லிருந்து ஆப்பிள் மெயில், அதன் தனியுரிமை வசதி ஆனில் இருந்தால், ஆள் திறக்காமலே படங்களை இறக்கிவைக்கிறது. கிளிக், பதில், கொள்முதல் இவற்றைப் பாருங்கள்.

ஓடிபி, பில் போவது ஒரு சப்டொமைன் (டொமைனின் கிளைப் பெயர்), ஆஃபர் போவது இன்னொன்று. தயவுசெய்து கலக்காதீர்கள்.

அன்சப்ஸ்கிரைப் லிங்க்கை வெளிர்சாம்பல் நிறத்தில் ஒளித்துவைக்கும் புண்ணியவான்களுக்கு: வெளியேற வழி தெரியாதவர் அமுக்குவது ஸ்பாம் பட்டனைத்தான். ஒரே கிளிக்கில் விலகும் ஹெடர் (மெயிலின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வரி) வையுங்கள், இரண்டு நாளுக்குள் பெயரை எடுங்கள்.

ஏற்கெனவே கெட்டுவிட்டதா? புது டொமைன் வாங்க ஓடாதீர்கள். லிஸ்ட் முழுவதற்கும் கும்பலாக அனுப்புவதை நிறுத்துங்கள். கடந்த 30 நாளில் கிளிக் செய்தவர்களுக்கு மட்டும், சில நூறு மெயிலில் தொடங்குங்கள். புகார் ஏறாதவரை எண்ணிக்கையைக் கூட்டலாம். வாரக்கணக்கில் ஆகும்.